நடுவரைத் தேர்வோர்க்கு நடுவுநிலை வேண்டாவா?

இருவர் மாறுபட்டு நிற்கும்பொழுது, இருவர்க்கும் பகையும் உறவும் அல்லாத மூன்றாமவர் ஒருவரைத் தேடிச் செல்வதே மாந்தன் கண்ட முறைமையின் முதற்படி. அம் மூன்றாமவரைத் தமிழ் ‘நடுவர்’ என்று அழைத்தது. சொல்லே இலக்கணத்தையும் கூறிவிடுகின்றது. நடுவில் நிற்பவர் நடுவர்; ஒருபுறம் சாய்ந்தவர் எத்துணைச் சட்டம் கற்றவராயினும் நடுவர் ஆகார். திருவள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்துத் துலைக்கோலை அதற்கு உவமையாகவும் காட்டினார். அக் கோல் நடுவர் கையில் இருக்க வேண்டும் என்பதை மறுப்பார் இலர். அந் நடுவரைத் தேர்ந்தெடுப்போர் கையிலும் அக் கோல் இருக்க வேண்டாவா என்பதே கேள்வி.

இக் கேள்விக்கு 2018-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்க ஒன்றிய நாட்டு மேலவையில் ஒரு பெண்மணி தம் ஒப்போலையால் விடை கூறினார். அவர் அலாசுகா மாநிலத்து உறுப்பினர் இலிசா முர்கோவுசுகி. ஆளுங்கட்சியாகிய குடியரசுக் கட்சியின் ஐம்பத்தொரு மேலவை உறுப்பினருள் ஐம்பதின்மர் ஒருபுறம் நிற்க, அவர் ஒருவர் மட்டும் மறுபுறம் நின்றார்.

அந் நாட்டின் தலைமை முறைமன்றத்தில் (உச்சநீதிமன்றத்தில்) நடுவர் ஒன்பதின்மர். குடியரசுத் தலைவர் ஒருவரை முன்மொழிவார். ‘செனட்டு’ எனப்பெறும் மேலவை ஆய்ந்து இசைவு தரவேண்டும். இசைவு பெற்ற நடுவர் தாமாக விலகும்வரையோ, வாழ்நாள் முடியும்வரையோ இருக்கையில் இருப்பார். அவரை அமர்த்திய தலைவர் எட்டாண்டிற்குள் போய்விடுவார். அவர் எழுதும் தீர்ப்போ முப்பதாண்டு, நாற்பதாண்டு மக்களை ஆளும். ஆகலின் இம் மேலவை ஒப்போலை ஏனைய ஒப்போலைகளைப் போன்றதன்று. வரிச்சட்டம் பிழைத்தால் அடுத்த ஆண்டு திருத்தலாம். நடுவர் தேர்வு பிழைத்தால் ஒரு தலைமுறை அதனைச் சுமக்கும்.

இதனை அம் மேலவை ஒரு காலத்தில் உணர்ந்தே இருந்தது. 1970-இல் தம் கட்சித் தலைவர் நிக்சன் முன்மொழிந்த கார்சுவெல் என்பாரைக் குடியரசுக் கட்சியினர் பதின்மூவரே எதிர்த்து வீழ்த்தினர். 1986-இல் அந்தோனின் இசுகாலியா 98 ஒப்போலைகள் பெற்றார். எதிர்த்தவர் ஒருவரும் இலர். 1987-இல் இராபர்ட்டு போர்க்கைக் குடியரசுக் கட்சியினரே அறுவர் எதிர்த்தனர். 1993-இல் உரூத்து கின்சுபர்க்கு 96-க்கு 3 என்னும் அளவில் இசைவு பெற்றார். எதிர்க்கட்சியார் முன்மொழிந்தவரையும் தகுதி நோக்கி ஏற்றனர். தம் கட்சியார் முன்மொழிந்தவரையும் தகுதி நோக்கித் தள்ளினர். பின்னர் அப் பழக்கம் தேய்ந்தது. தலைமை முறைமன்ற அமர்த்தத்தில் சொற்போரை முடித்து ஒப்போலைக்குச் செல்ல அறுபதின்மர் இசைவு வேண்டும் என்றிருந்த கட்டும் 2017-இல் அறுக்கப்பட்டது. அதன்பின் ஆளுங்கட்சி எதிர்க்கட்சியாரில் ஒருவரையேனும் உடன்படுத்த வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று.

இந் நிலையில்தான் 2018 சூலைத் திங்களில் குடியரசுத் தலைவர் தொனால்டு திரம்பு, ஓய்வு பெற்ற அந்தோனி கென்னடியின் இடத்திற்குப் பிரெட்டு கவனா என்பாரை முன்மொழிந்தார். இளமைப் பருவத்தில் அவர் தம்மைத் தாக்கினார் என்று பேராசிரியை ஒருவர் செப்டம்பர் 27-ஆம் நாள் மேலவைக் குழுவின்முன் சான்று பகர்ந்தார். கவனா அதனை முற்றாக மறுத்தார். மறுத்ததில் தவறில்லை, குற்றமற்றவராகத் தம்மைக் கருதுவார் மறுக்கவே செய்வர். ஆனால் மறுத்த முறைதான் பலரை அதிரச் செய்தது. சினம் பொங்க அவர் எதிர்க்கட்சியார்மேல் பழி சுமத்தினார்; இது முன்னைத் தேர்தல் தோல்விக்குப் பழிவாங்கல் என்றார். நாளை அக் கட்சியாரே வழக்காளராக வந்து நின்றால் அவர் முகத்தை நோக்கி எங்ஙனம் தீர்ப்புரைப்பார் என்னும் ஐயம் எழுந்தது. சில சொற்கள் சொல்லத் தகாதன என்று அவரே பின்னர்ச் செய்தித்தாளில் எழுத நேர்ந்தது.

முர்கோவுசுகி அம்மையார் பிடித்துக்கொண்டது இந்த இழையைத்தான். கவனாவைத் தீயவர் என்று அவர் கூறவில்லை. நல்லவர் என்றே கூறினார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்றும் கூறவில்லை. நடுவர் என்பார் மக்களின் நம்பிக்கை குன்றா வண்ணம் ஒழுக வேண்டும், தகாதன செய்யாமையோடு தகாதன செய்தார் போலத் தோன்றாமையும் வேண்டும் என்னும் நடுவர் ஒழுக்க விதியை எடுத்துக்காட்டி, இக் காலத்திற்கு இவ் இருக்கைக்கு இவர் ஏற்றவர் அல்லர் என்றார். குற்றவாளிக்கூண்டில் நிற்பவர்க்கு ஐயத்தின் பயன் சேரவேண்டும், அது முறை. ஆனால் நடுவர் இருக்கைக்கு வருபவர்மேல் ஐயம் இருப்பின் அதன் பயன் யாருக்குச் சேரவேண்டும்? அவரிடம் தீர்ப்புக் கேட்டு வரப்போகும் மக்களுக்கன்றோ? இவ் வேறுபாட்டைத் தெளிவுறக் கண்டதே அம்மையாரின் சிறப்பு.

அக்டோபர் 5-ஆம் நாள், சொற்போரை முடித்துக்கொள்ளும் தீர்மானத்தில் அவர் ‘இல்லை’ என்றார். தீர்மானம் 51-க்கு 49 என வென்றது. மறுநாள் இறுதி ஒப்போலையில் கவனா 50-க்கு 48 என இசைவு பெற்றார். 

இங்கு மூன்று மறுப்புகள் எழுதல் கூடும். அவற்றை ஒளிக்காமல் எடுத்துப் பார்ப்பதே நேர்மை.

முதலாவது, இறுதி நாளில் அவர் ‘இல்லை’ என்னாது ‘உள்ளேன்’ என்று மட்டும் கூறினாரே, அது பின்வாங்கல் அன்றோ என்பது. அன்று. அவர் கட்சியைச் சேர்ந்த மாந்தானா மாநிலத்து உறுப்பினர் சுதீவு தெயின்சு அன்று தம் மகளின் திருமணத்திற்குச் சென்றிருந்தார். வாராத ஓர் ‘ஆம்’ வீணாகாதபடி எதிர்ப்பக்கத்தார் ஒருவர் தம் ‘இல்லை’யை நிறுத்திக்கொள்வது அம் மேலவையின் பழைய மரபு. இரண்டு ஒப்போலைகளின் இடைவெளி மாறவில்லை; முடிவும் மாறவில்லை. கொள்கையில் ஒரு நூலிழையும் விட்டுக்கொடாமல், கொள்கையில் மாறுபட்டவரின் வீட்டு மகிழ்ச்சியை மதித்தார். பகைமையே அரசியல் என்றாகிவிட்ட காலத்தில் இதுவும் ஒரு பாடமே.

இரண்டாவது, தோற்கும் என்று தெரிந்தும் போட்ட ஒப்போலையால் என்ன பயன் என்பது. வெல்லும் பக்கத்தில் மட்டுமே ஒப்போலை பயனுடையது என்றால், அவை எதற்கு? எண்ணிக்கைப் பொறியே போதுமே! அன்று அவையில் கட்சி வரம்பு கடந்தவர் வேறொருவரும் உண்டு; எதிர்க்கட்சியினராகிய மேற்கு வர்சீனியாவின் சோ மாஞ்சின் கவனாவைச் சார்ந்து நின்றார். ஆயினும் மெயின் மாநிலத்துச் சூசன் காலின்சு அம்மையார் தம் ‘ஆம்’ என்னும் முடிவை அவையில் அறிவித்தபின்னரே, வெற்றி உறுதியான நிலையில், அவர் தம் முடிவை வெளியிட்டார். முர்கோவுசுகியோ முடிவு உறுதியாகாதபொழுதே, காலையிலேயே, ‘இல்லை’ என்று எழுந்தவர். 

மூன்றாவது, அவர் எப்பொழுதும் இவ்வாறு நின்றாரா என்பது. நிற்கவில்லை. 2020-இல் தேர்தலுக்குச் சில நாள்கள் இருக்கும்போது ஏமி பாரெட்டை அமர்த்த முனைந்தபொழுது, அவ் விரைவு தகாது என்று அக்டோபர் 25-ஆம் நாள் எதிர்த்தவர், மறுநாள் இறுதி ஒப்போலையில் ‘ஆம்’ என்றார். அன்று கட்சியிலிருந்து தனித்து நின்று ‘இல்லை’ என்றவர், 2018-இல் இசைந்த அதே காலின்சு. மாந்தர் கல்லில் செதுக்கிய உருக்கள் அல்லர். ஆயினும் ஒருவர் ஒருநாள் செய்த நன்று, அவர் மறுநாள் தளர்ந்ததனால் தீதாகிவிடாது. 

கட்சி முழுதும் ஒரே திசையில் ஓடும்பொழுது தனித்து நிற்கும் துணிவு அவர்க்கு எங்கிருந்து வந்தது? அதன் வேர் எட்டாண்டுகட்கு முன்னையது. 2002-இல் அவரை முதன்முதலில் மேலவைக்கு அனுப்பியவர், மாநில ஆளுநராகியிருந்த அவர் தந்தையே. அது குடும்ப அரசியல் என்னும் பழிக்கு அவர் ஆளானதும் முறையே. ஆனால் 2010-இல் கட்சியின் உள்தேர்தலில் அவர் சோ மில்லரிடம் தோற்றார். கட்சித் தலைமை மில்லரின் பக்கம் சென்றது. அவர் ஓயவில்லை. அச்சிட்ட ஒப்போலையில் தம் பெயர் இல்லாவிட்டாலும், மக்கள் தம் கையாலேயே பெயரை எழுதித் தேர்ந்தெடுக்கட்டும் என்று களத்தில் இறங்கினார். அவர் பெயரோ எழுத்துக்கூட்ட அரிதான போலந்துப் பெயர். எழுத்துப்பிழை உள்ள ஒப்போலைகளைத் தள்ள வேண்டும் என்று மில்லர் வழக்காடினார். ஒப்போலை இடுவோரின் கருத்துத் தெளிவாக இருந்தால் போதும் என்று மாநிலத் தலைமை முறைமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஒப்போலை வேறுபாட்டில் அவர் வென்றார். 1954-க்குப்பின் மேலவைக்கு அவ்வாறு வென்றவர் அவர் ஒருவரே.

மக்கள் தம் கையால் எழுதிய பெயரைக் கட்சி எங்ஙனம் அழிக்கும்? இருக்கையைக் கட்சி தந்திருந்தால் கட்சிக்கு அஞ்ச வேண்டும். மக்கள் தந்தமையால் அவர் மக்களுக்கே அஞ்சினார்.

அம் மக்களுள் அலாசுகாவின் தொல்குடியினர் பெரும்பங்கினர். மாநில மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அவர். 2010-இல் முர்கோவுசுகியின் பெயரை ஊர்தோறும் எழுதுவித்ததில் அவர்தம் அமைப்புகளுக்குப் பெரும்பங்குண்டு. அலாசுகாத் தொல்குடிக் கூட்டமைப்பு 2018 செப்டம்பரில் கவனாவை வெளிப்படையாக எதிர்த்தது. காத்தி சான் என்னும் அத்துனாக் குடி மூதாட்டி, முன்னோர் மீன்பிடித்த ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமைக்காக நெடுங்காலம் வழக்காடி வென்ற மண் அது. அவாய்த் தீவின் தொல்குடியினரைப் பழங்குடியினராகக் கருதித் தனியுரிமை தரலாகாது என்னும் கருத்தினை 1999-இல் எழுதியவர் கவனா. அவர் கையில் தம் ஆறும் மீனும் என்னாகுமோ என்று அம் மக்கள் அஞ்சியது இயல்பே.

தம் மொழி தம் மண்ணிலேயே இரண்டாமிடம் பெறும் துன்பத்தை அறிந்த மக்கள் அவர்கள். 1998-இல் அம் மாநிலம் ஆங்கிலத்தை ஒற்றை ஆட்சிமொழியாக்கியது. 2008-இல் ஏயக்கு மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மூதாட்டி மறைந்தார். அவரோடு அம் மொழியின் குரலும் அடங்கியது. 2014-இல்தான் தொல்குடி மொழிகள் இருபதுக்கும் சட்டம் ஏற்பளித்தது. அவ் விருபதில் பேசுவார் இல்லாத ஏயக்கும் ஒன்று. சட்டத்தின் ஒரு வரி மீனையும் காக்கும், மொழியையும் காக்கும், அழிக்கவும் செய்யும். அவ் வரிக்குப் பொருள் கூறுபவர் நடுவர். நடுவர் தேர்வு தொலைவில் உள்ளார் செய்யும் சடங்கன்று, தம் அடுப்பங்கரைச் செய்தி என்பதைச் சிறுபான்மையோர் அறிவதுபோல் பெரும்பான்மையோர் அறியார்.

அவ் வச்சம் முழுதும் மெய்யாயிற்று என்று கூறுதல் நேர்மையன்று. 2023-இல் தொல்குடிக் குழந்தைகளைத் தம் குடியினரோடே வளர்க்க வழிசெய்யும் சட்டத்தை 7-க்கு 2 எனத் தலைமை முறைமன்றம் காத்தபொழுது கவனாவும் காத்தோர் பக்கமே நின்றார். ஆனால் 2022-இல், கருக்கலைப்புரிமையை ஐம்பதாண்டுக் காலமாக நிலைநிறுத்தியிருந்த 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தகர்த்தோருள்ளும் அவர் இருந்தார். முன்னைத் தீர்ப்பை மதிப்பார் என்று நம்பி 2018-இல் ‘ஆம்’ என்ற காலின்சு, தம்மிடம் கூறியதும் இப்பொழுது நடந்ததும் ஒவ்வவில்லை என்று வருந்தினார். நடுவரின் வருங்காலத் தீர்ப்பை எவரும் முன்னறிய முடியாது. அறிய முடிந்தது அவர்தம் பண்பும் நிலைப்பாடும் மட்டுமே. அவற்றை எடைபோடுவதற்கே மேலவை. முர்கோவுசுகி எடைபோட்டது அவற்றைத்தான்.

அலாசுகா மக்கள் அவரை மன்னியார் என்று திரம்பு கூறினார். 2021 மார்ச்சில், திரம்பின்மேல் வந்த குற்றத்தீர்மானத்தில் அவர்க்கு எதிராக நின்றமைக்காக மாநிலக் கட்சி அவரைக் கண்டித்தது. 2022 ஏப்பிரலில், எதிர்க்கட்சித் தலைவர் முன்மொழிந்த கேத்தாஞ்சி பிரௌன் சாக்சன் என்னும் முதற் கறுப்பினப் பெண் நடுவர்க்கு இசைவளித்த குடியரசுக் கட்சியினர் மூவருள் அவரும் ஒருவரானார். அவ் வாண்டு நவம்பரில் திரம்பின் துணைபெற்ற வேட்பாளரை ஏறத்தாழ 54 விழுக்காடு பெற்று வென்றார்.

கட்சியை மீறியவர் இருக்கை இழக்கும் சட்டம் அந் நாட்டில் இல்லை. இந்திய ஒன்றியத்திலோ 1985-ஆம் ஆண்டு 52-ஆம் திருத்தம், கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி ஒப்போலை இடுவாரின் இருக்கையைப் பறிக்க வழிசெய்தது. விலைபோகும் உறுப்பினரைத் தடுக்க எழுந்த வேலி அது. ஆனால் விலைபோகாத உள்ளச்சான்றையும் அது சேர்த்தே அடைத்துவிட்டது. மாட்டைத் தடுக்கும் வேலி உழவனையும் தடுத்தல் ஆகாது.

கட்சி என்பது கொள்கைக்காகக் கூடிய கூட்டம். கூட்டத்திற்காகக் கொள்கையைக் கைவிடுபவன் தொண்டன் அல்லன், கூலியாள். வேறெதில் கட்சிக் கட்டு வேண்டுமாயினும், நடுவரைத் தேர்வதில் அது வேண்டா. ஒரு கட்சியாரே ஒருமுகமாகச் சேர்ந்து ஏற்றிவைக்கும் நடுவர், அக் கட்சியாரின் ஆளாகவே மக்கள் கண்ணுக்குத் தோன்றுவார். மெய்யில் அவர் நேரியரே ஆயினும் அவர் தீர்ப்பைத் தோற்றவன் நம்பான். தோற்றவன் நம்பாத தீர்ப்பு தீர்ப்பன்று, கட்டளை.

துலைக்கோலைப் பிடிக்கும் கை கோணாதிருக்க வேண்டுமாயின், அக் கையைத் தேர்ந்தெடுக்கும் கை முதலில் கோணாதிருத்தல் வேண்டும்.