படியேறும்போது வாங்கும் மூச்சு

உத்திரமேரூர் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலில் எம்பெருமான் மூன்று நிலைகளில் எழுந்தருளியிருக்கிறார். கீழ்த்தளத்தில் நின்ற திருக்கோலம். நடுத்தளத்தில் வீற்றிருந்த திருக்கோலம். மேல்தளத்தில் பள்ளிகொண்ட திருக்கோலம். இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்து அட்டாங்க விமானம் இது. மூன்று கோலங்களையும் சேவிக்க விரும்பும் அன்பர் படியேறியே தீர வேண்டும்.

வயது முதிர்ந்த தம்பதியர் ஏறும்போது இத்தகைய தலங்களில் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. பாதி வழியிலேயே அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். பெரியவரோ நிதானமாக மேலே சென்று, “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே! உனக்குத்தான் உடம்பில் தெம்பில்லை” என்பார். அம்மாளும் அதை ஒப்புக்கொண்டு விடுவார். இருவர் கணக்கும் தவறாக இருக்கக்கூடும்.

மூச்சு விடுவது நுரையீரலின் வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். நுரையீரல் ஏவலாள் மட்டுமே. கட்டளை பிறக்குமிடம், மூளையின் அடிப்பகுதியில் தண்டுவடத்தோடு இணையும் முகுளம். அங்கே மூச்சுக்குத் தாளம் போடும் சின்னஞ்சிறு நரம்பணுத் தொகுதி ஒன்றை ஃபெல்ட்மன், ஸ்மித் முதலிய ஆய்வாளர்கள் 1991ஆம் ஆண்டு அறிவித்தனர். அதன் பெயர் ஒரு ஜெர்மானியத் திராட்சை மதுவின் பெயரைத் தழுவியது. பிராணனுக்கு ஆதாரமான இடத்துக்கு இதைவிட நல்ல பெயர் கிடைத்திருக்கலாம்!

தாளம் தானாக நடக்கும். எப்போது விரைவு கூட்டுவது என்பதைச் சொல்லக் காவலர் வேண்டும். இரத்தத்தில் கரியமில வாயு மிகுந்தால் உணரும் அணுக்கள் முகுளத்திலேயே இருக்கின்றன. பிராணவாயு குறைந்தால் உணர்வது, கழுத்தின் இருபுறமும் தமனி கிளை பிரியுமிடத்திலுள்ள அரிசிமணி அளவான உறுப்பு. இதன் செயலை விளக்கிய பெல்ஜிய அறிஞர் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் நாட்டவரான அவதார் சிங் பெயிண்டல், நுரையீரலின் நுண்குழாய்களை ஒட்டிய மற்றொரு வகைக் காவலரைக் கண்டறிந்தார். டில்லி வல்லபபாய் படேல் மார்புநோய் நிறுவனத்துக்குத் தலைமை வகித்தவர் அவர். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கும்போது மூளைக்குச் செய்தி அனுப்புபவை அந்த நரம்பு முனைகளே.

இதே ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழனின் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டு உள்ளது. கி.பி. 921ஆம் ஆண்டின் அச்சாசனம், சபையின் வாரியங்களுக்கு 35 வயதுக்கு மேல் 70க்கு உட்பட்டவரையே ஏற்றது. முகுளத்துக்கு அத்தகைய ஓய்வு வயது கிடையாது. எழுபதுக்குப் பின்னும் அதே பதவிதான். ஆனால் காவலர் குரல் அதன் செவியில் மெல்ல விழத் தொடங்குகிறது.

1973இல் கிரோனென்பெர்க், டிரேஜ் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 64 முதல் 73 வயது வரையிலான 8 முதியவர்களையும், 22 முதல் 30 வயது வரையிலான 8 இளைஞர்களையும் ஒப்பிட்டனர். எல்லோரும் நலமுடையவர்கள். பிராணவாயுவைக் குறைத்தபோது முதியவர்களின் மூச்சு, இளைஞர்களின் மூச்சு பெருகியதில் ஏறக்குறைய கால் பங்களவே பெருகியது. கரியமில வாயுவுக்கும் அவ்வாறே மந்தமான பதில். ஆகவே பெரியவர் “எனக்கு ஒன்றும் தெரியவில்லை” என்பதற்கு இரு பொருள் உண்டு: குறை இல்லை என்பது ஒன்று, குறை இருந்தும் மணி அடிக்கவில்லை என்பது மற்றொன்று. கொரோனா காலத்தில் பிராணவாயு வெகுவாகக் குறைந்தும் திணறல் தோன்றாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் இருந்தனர். விரலில் மாட்டும் கருவி காட்டிய பிறகே வீட்டார் பதறினர்.

அந்த 1973 ஆய்வில் பதினாறு பேரும் ஆண்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பெண்டிரின் மூச்சு வேறு கணக்கில் நடக்கிறது. புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீர் மூளையின் மூச்சு மையத்தைத் தூண்டும் இயல்புடையது. கருவுற்ற காலத்தில் அது பெருகுவதால் தாயின் மூச்சு தானே ஆழமாகிறது. மாதவிடாய் நின்றபின் அந்தத் துணை அகன்றுவிடுகிறது. மேலும், ஒரே உயரமுள்ள ஆணைக் காட்டிலும் பெண்ணின் நுரையீரலும் மூச்சுக்குழாய்களும் சிறியவை. ஒரே படிக்கட்டுக்கு அம்மாள் தம் திறனில் பெரும்பங்கைச் செலவிட வேண்டியிருக்கிறது. அதைத் தெம்பின்மை என்று தள்ளுவது நியாயமன்று. முன்பு ஏறிய படிகள் சில மாதங்களுக்குள் ஏற முடியாதவையாகிவிட்டால், அது வயதின் குறை என்று வாளாவிருப்பதும் தகாது. இதயத்தைப் பார்க்க வேண்டும். இரத்தசோகை உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

மனிதர் படுத்து உறங்கும் வேளையில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. விழித்திருக்கையில் மனமும் மூச்சுக்கு உதவும். உறக்கத்தில் முகுளம் தனியே காவல் காக்க வேண்டும். தொண்டைத் தசைகளும் தளர்ந்துவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 30 முதல் 60 வயது வரையிலான பணியாளரிடையே நடந்து 1993இல் வெளியான ஆய்வில், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது ஆண்களில் 24 விழுக்காட்டினரிடமும் பெண்களில் 9 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. மாதவிடாய் நின்றபின் இந்த இடைவெளி சுருங்குகிறது. ஆணிடம் உரத்த குறட்டையாகத் தெரிவது, பெண்ணிடம் தூக்கமின்மையாகவும் காலைத் தலைவலியாகவும் ஓயாத அசதியாகவும் மறைந்து வருவதுண்டு. அதற்குத் தூக்க மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்குவது ஆபத்து. மந்தமான காவலரை அது மேலும் உறங்கச் செய்யும்.

பிராணாயாமம் பழகும் முதியவர்கள் மெல்ல இழுத்து மெல்ல விடுவதோடு நிற்பது நலம். கும்பகத்தில் மூச்சை அடக்கும்போது ‘போதும்’ என்று எச்சரிப்பதும் அதே காவலர்கள்தாம். இதய நோயோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் கும்பகத்தை நீட்டலாகாது.

அமைதியாக அமர்ந்திருக்கையில் மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருப்பது இயல்பு. முதியவரிடம் அது 25ஐத் தாண்டினால், காய்ச்சல் தோன்றாவிட்டாலும் நுரையீரலில் சளிக்காய்ச்சல் தொடங்கியிருக்கக்கூடும். எண்ணும் வேலையை மற்றவர் செய்வதே சரி. தம் மூச்சைத் தாமே எண்ணத் தொடங்கினால் அது மாறிவிடும். இரவில் மூச்சு நின்று மீண்டதையும் உறங்குபவர் அறியார். மருத்துவரிடம் பெரியவர் “நன்றாகத் தூங்கினேன்” என்று சொல்லும்போது, எத்தனை முறை மூச்சு நின்று திடுக்கிட்டு மீண்டது என்பதை அருகில் விழித்திருந்த அம்மாள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அம்மாளுக்காகப் பெரியவரும் ஓர் இரவு விழித்திருக்கலாம்.