அடைக்கலம் வந்த குழந்தையும் வீட்டுப் புகையும்

பெற்றோரை இழந்த குழந்தையையும், பெற்றோர் இருந்தும் பேணுவாரற்ற குழந்தையையும் விடுதியில் அடைக்காமல் ஒரு குடும்பத்தில் வளர்க்க, 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 44-வது பிரிவு வழி செய்திருக்கிறது. இது ஸ்வீகாரமன்று, குறித்த காலத்திற்கு ஏற்கும் வளர்ப்புப் பொறுப்பு. இல்லத்தைத் தேர்ந்தெடுப்பது ஜில்லாக் குழந்தைகள் நலக் குழு, குழந்தையன்று. ஆகவே, அவ்வீட்டின் காற்று எத்தகையது என்று விசாரிக்கும் கடமையும் குழுவினுடையதே.

பொது இடங்களில் புகைபிடிப்பதை 2003-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. அதன் விதிகள் 2008-ல் காந்தி ஜயந்தியன்று கண்டிப்பாக அமலுக்கு வந்தன. ஆயினும் அச்சட்டம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவோ, குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவனுக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவல் விதிக்கிறது. கையில் கொடுத்தால் குற்றம். மூச்சில் கொடுத்தால் குற்றமில்லை! இந்த முரண்பாட்டை எந்த நியாயவாதி ஆதரிக்க முடியும்?

பிறர் விடும் புகையில் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்பதை அமெரிக்கத் தலைமை வைத்திய அதிகாரியின் 2006-ம் வருஷத்து அறிக்கை தெளிவாக்கியது. அப்புகையால் குழந்தைகளுக்கு மார்புச்சளி நோய்களும் காது நோயும் உண்டாகின்றன. இழுப்பு நோய் முற்றுகிறது. ஜன்னலைத் திறந்து வைப்பதால் இத்தீங்கு முழுவதும் நீங்கிவிடாது. வழக்கமும் ஒட்டிக்கொள்கிறது. குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எறிந்த சிகரெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததைக் காந்தியடிகளே தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

குழந்தையை ஏற்க முன்வரும் குடும்பங்களே சொற்பம். நிபந்தனை விதித்தால் அவையும் பின்வாங்கும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இதனை நாம் அலட்சியம் செய்யவில்லை. பீடி பிடிக்கும் பாட்டனாரிடமிருந்து பேரனைப் பறிக்கும்படி நாம் கூறவில்லை. அன்பை இழந்து பெறும் காற்று குழந்தைக்குப் போதாது. வீட்டிற்குள்ளும் வண்டிக்குள்ளும் புகை கூடாது என்பதே நமது கோரிக்கை. பழக்கத்தை விட விரும்புவோருக்கு அரசாங்கத்தின் இலவசத் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது. அதை நலக் குழுவே எடுத்துச் சொல்லலாம். ஆனால் கைக்குழந்தைகள், இழுப்பு நோயுள்ளவர்கள் விஷயத்தில் தளர்ச்சி கூடாது. பிரிட்டனில் பல ஸ்தல ஸ்தாபனங்கள் ஐந்து வயதுக்குட்பட்டவர்களைப் புகைபிடிப்போர் இல்லங்களில் வைப்பதில்லை. நல்லதை எவரிடமிருந்து கற்றாலும் இழிவில்லை.

வளர்ப்புக் குடும்பத்திற்குச் சர்க்கார் பொதுப்பணத்திலிருந்து மாதந்தோறும் உதவித்தொகை அளிக்கிறது. குழு மாதம் ஒருமுறை அவ்வில்லத்தைப் பார்வையிட வேண்டுமென்றும் சட்டம் சொல்லுகிறது. எனவே புதிய இலாகாவோ புதிய செலவோ வேண்டியதில்லை. குடும்பத்தாரிடம் எழுத்து மூலம் உறுதி பெறுவதும், பார்வையிடும்போது அதை விசாரிப்பதும் போதும். மதுரை ஜில்லா இதில் முன்னிற்கட்டும். திருநகர் போன்ற குடியிருப்புகளின் சங்கத்தார், புகையற்ற இல்லங்களை உடைய குடும்பங்களைத் திரட்டிக் குழுவின் முன் நிறுத்தலாம். தேச சேவை என்பது மேடையில் மட்டும் நடப்பதன்று. தனக்கென வாதாட ஒருவருமில்லாத குழந்தைக்குச் சுத்தமான மூச்சை அளிப்பதும் தேச சேவையே.