சர்டிபிகேட்டில் வீசிய காற்று

போன வாரம் பேரன் ஏர் கூலர் ஒன்று வாங்கி வந்தான். மணிக்கு இத்தனை கன மீட்டர் காற்று என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. "எந்த இடத்தில் வைத்து அளந்தார்களாம்?" என்று கேட்டேன். தாத்தாவின் வழக்கமான குசும்பு என்று நினைத்துச் சிரித்தான். கோவையில் முப்பது வருடம் தொழிற்சாலை விசிறிகளைச் சோதித்துச் சர்டிபிகேட் எழுதிய எனக்கே அந்தக் கேள்வி தாமதமாகத்தான் புரிந்தது.

எங்கள் சோதனைக் கூடத்தில் ப்ளோயரின் வாயில் நீளமான நேர்க்குழாயை மாட்டுவோம். அதற்குள் பிட்டோ குழாயை நுழைத்து, ஓரத்திலிருந்து ஓரம்வரை பல புள்ளிகளில் அளப்போம். பிரான்ஸ் நாட்டின் ஆன்றி பிட்டோ 1732-ல் செய்ன் நதியின் வேகத்தை அளக்கச் செய்த கருவியின் வாரிசுதான் அது. யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் இரு பக்க நீர்மட்டமும் 10 மி.மீ. வித்தியாசம் காட்டினால், காற்று நொடிக்குச் சுமார் 13 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கணக்கு. பிறகு குழாயின் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, ஒவ்வொரு நிலையிலும் காற்றின் அளவு, அழுத்தம், சுற்று, மின்சாரம் எல்லாவற்றையும் குறிப்போம். ஐஎஸ் 4894 தரப்படி எல்லாம் சரியாக இருந்தால் கீழே என் கையெழுத்து.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பவுண்டரிக்கு எங்கள் ப்ளோயர் போயிற்று. உலைமேடையில் நிற்பவர்கள் மேல் வெளிக்காற்றை டக்ட் வழியாக அடிப்பதுதான் அதன் வேலை. கோடையில் போன் வந்தது, காற்று போதவில்லை என்று. சர்டிபிகேட்டைப் பாருங்கள் என்றேன். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. சர்டிபிகேட்டின் நகலை இணைத்துப் பதில் போட்டேன். மூன்றாவது முறை வந்த சேதி வேறு. உலைமேடையில் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். நல்ல காலம், பின்பக்கமாக விழுந்தார்.

அன்று மதியமே கிளம்பிப் போனேன். மேடையில் இருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க சார், நீங்க அனுப்புன பேப்பர வெச்சு விசிறிக்கிட்டாக்கூட இதவிட நல்லாக் காத்து வருமுங்க" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரிக்கவில்லை.

ப்ளோயரின் உறையில் நாங்கள் போட்டிருந்த அம்புக்குறியைக் கரி மூடியிருந்தது. துடைத்துப் பார்த்தால், விசிறி அதற்கு எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டாரைக் கழற்றி மாட்டியபோது இரண்டு பேஸ் வயர்கள் இடம் மாறிவிட்டன. இந்த வகை ப்ளோயரில் ஒரு வில்லங்கம் உண்டு. தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வரும், அளவு மட்டும் வெகுவாகக் குறையும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. போதாக்குறைக்கு, இட நெருக்கடியில் காற்று உள்ளே நுழையும் வாயிலேயே ஒரு பென்டை வைத்திருந்தார்கள். திரும்பி வரும் காற்று சக்கரத்தில் சீராக நுழையாது.

மேனேஜர் அதற்குள் பெரிய புல்லி மாட்டி வேகத்தைக் கூட்ட ஏற்பாடு செய்திருந்தார். வேகம் 10 சதவீதம் கூடினால் காற்றும் 10 சதவீதம்தான் கூடும், ஆனால் இழுக்கும் மின்திறன் 33 சதவீதம் கூடும். மோட்டார்தான் எரிந்திருக்கும்.

வயரை மாற்றினோம். பென்டுக்கும் ப்ளோயருக்கும் நடுவில் நேரான குழாய்த்துண்டைச் சேர்த்தோம். டக்டில் துளை போட்டு அளந்தேன். காற்று வந்தது. முதல் போன் வந்த அன்றே போயிருந்தால் அந்த மனிதர் விழுந்திருக்க மாட்டார்.

என் சர்டிபிகேட்டில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது சோதனைக் கூடத்துக் காற்றைப் பற்றிய உண்மை. அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டது என் தப்பு. விசிறியை விற்பவர்கள் அது நிற்கப்போகும் இடத்திலும் ஒருமுறை அளந்து காட்ட வேண்டும் என்பது அன்றிலிருந்து என் கட்சி. "சைட்டில் துல்லியமாக அளக்க முடியாது, நேர்க்குழாய்க்கு இடம் இருக்காது" என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் தலைகீழாகச் சுற்றும் விசிறியைக் கண்டுபிடிக்க அவ்வளவு துல்லியம் வேண்டாம். டக்டில் ஒரு துளை, ஒரு மணி நேர வேலை. அளந்த பிறகு துளைக்கு மூடி போட்டுவிடலாம். வாங்குபவர்கள் அந்த அளவைப் பார்க்கும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காமல் இருந்தாலே போதும், எல்லோரும் வந்து அளப்பார்கள்.

இதைப் படிக்கும் யாருடைய ஆலையிலாவது ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தால், நாளைக் காலை ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்புக்குறியைத் துடைத்துப் பாருங்கள்.