ஏன் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது, தமிழகத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியது. யார் கையையும் எதிர்பார்க்காமல் எடுத்துச் செலவு செய்யப் பெண்ணின் பெயரிலேயே வந்த பணம் அது. அந்த மகிழ்ச்சியில் குறை காண எதுவுமில்லை. ஆனால் அடுத்த சில நாட்களிலேயே இ-சேவை மையங்களின் வாசலில் வேறொரு வரிசை நின்றது. விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 63 லட்சம் பேர். ஏறத்தாழ 56 லட்சம் பெண்களுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. அந்த வரிசையில் நின்றவர்கள் அவர்கள்தான்.

மறுக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்யலாம் என்று அரசு அறிவித்தது. குறுஞ்செய்தி வந்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர் 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த வழியைத் திறந்துவிட்டது நல்ல காரியம். பல திட்டங்களில் இந்த அளவுகூடக் கிடையாது. 11 லட்சத்து 85 ஆயிரம் பேர் மேல்முறையீடு செய்தார்கள். 7 லட்சத்து 35 ஆயிரம் பேர் தகுதியானவர்கள் என்று தேர்வாகி, நவம்பர் 10 அன்று இரண்டாம் கட்டமாகச் சேர்க்கப்பட்டார்கள்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முறையிட்ட பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் தகுதி இருந்திருக்கிறது. அதாவது அந்த ஆறு பேர் விஷயத்தில் முதல் முடிவு தவறாகவோ அரைகுறைத் தகவலை வைத்தோ எடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் பத்துக்கு ஆறு மேல்முறையீட்டில் அடிபட்டுப் போனால், அந்த நீதிமன்றத்தைப் பற்றி என்ன நினைப்போம்? மிச்சம் 44 லட்சம் பேருக்கு மேல் முறையிடவே இல்லை. அவர்களில் சொந்தக் கார் வைத்திருப்பவர்கள், அரசு ஊழியர் குடும்பத்தினர், வருமான வரி கட்டுகிறவர்கள் எனத் தகுதியே இல்லாதவர்கள் ஏராளமாக இருப்பார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் தகுதி இருந்தும் பேசாமல் இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர்? முறையிட்டால்தான் தவறு திருத்தப்படும் என்ற ஏற்பாட்டில், முறையிடத் தெரியாத பெண்தான் முதலில் விடுபடுகிறாள். இந்தத் திட்டம் யாருக்காக வந்ததோ, அவளும் அந்தப் பெண்தான்.

முறையிடுவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண். விண்ணப்பத்தில் கொடுத்த எண் கணவருடையது. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். குறுஞ்செய்தி அங்கே போகிறது. கடன் செயலி விளம்பரங்களுக்கு நடுவே அது கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பணம் வந்து தனக்கு வராதபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிகிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்து பிடித்து இ-சேவை மையத்துக்குப் போகிறாள். ஸ்மார்ட் கார்டைக் கொடுக்கிறாள், ஆதாரைக் கொடுக்கிறாள். ஓடிபி வரும், சொல்லுங்கள் என்கிறார் கணினி முன் இருப்பவர். ஓடிபி திருப்பூருக்குப் போகிறது. ஷிப்டில் இருக்கும் கணவர் போனை எடுப்பதில்லை. "நாளைக்கு வாங்கம்மா." அவளுக்கு நாளை என்பது இன்னொரு நாள் கூலி.

அப்படியே மனு பதிவாகிவிட்டாலும் எதை எதிர்த்து வாதாடுவாள்? காரணம் குறுஞ்செய்தியில் வரும் என்றுதான் அரசு சொன்னது. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகியிருக்கிறது என்பதோ, நான்கு சக்கர வாகனம் இருக்கிறது என்பதோ ஒரு வரித் தகவல். அது காரணம் ஆகாது. எந்த மின் இணைப்பு? எந்த வண்டி, யார் பெயரில்? அதைச் சொன்னால்தானே அவள் பதில் சொல்ல முடியும்? ஒரே மீட்டரில் வீட்டுக்காரரும் இரண்டு குடித்தனமும் இருக்கும் வீடுகள் எத்தனையோ. விற்று மூன்று ஆண்டு ஆகியும் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறாத பழைய கார்கள் எத்தனையோ. கணவன் விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆன பெண்ணின் பெயர் இன்னும் அவன் குடும்ப அட்டையிலேயே இருக்கும். அட்டை ஒன்றுதான் என்பதால் அவனுடைய வருமானமும் வண்டியும் அவள் கணக்கில் வந்து உட்காரும். கணினிக்குப் பெயர் தெரியும், எண் தெரியும். அந்த வீட்டில் யார் உலை வைக்கிறார்கள் என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மேல்முறையீடு.

ஆனால் மேல்முறையீட்டைக் கேட்க வேண்டியவருக்கு நேரம் இருந்ததா? தமிழகத்தில் வருவாய்க் கோட்டங்கள் நூறுக்கும் குறைவு. 11 லட்சத்து 85 ஆயிரம் மனுக்களைப் பங்கிட்டால் ஒரு கோட்டாட்சியருக்குச் சராசரியாகப் பதினோராயிரத்துக்கு மேல். 30 நாளில் முடிக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு நானூறு. நிலத் தகராறு, சாதிச் சான்று, சட்டம் ஒழுங்கு என்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருக்கும் ஓர் அதிகாரி, ஒரு நாளில் நானூறு குடும்பங்களின் கதையைக் கேட்க முடியாது; ஒரு பட்டியலை இன்னொரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் முடியும். இதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை ஏற்பாட்டில் இருக்கிறது.

இங்கே சட்டம் புதிதாக எதுவும் தேவையில்லை என்பதுதான் வேதனை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஈ) மிகத் தெளிவாக இருக்கிறது: ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதற்கான காரணங்களை அரசு அலுவலகம் தெரிவிக்க வேண்டும். கேட்டால்தான் என்றில்லை, தானாகவே. அதிகாரிகள் எடுக்கும் முடிவுக்குக் காரணம் பதிவு செய்யப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் எஸ்.என். முகர்ஜி வழக்கில் வலியுறுத்தியது. ஒரு குடும்பத்தின் மாத வரவை மறுக்கும் முடிவுக்கு மட்டும் இது பொருந்தாதா?

காரணம் சொல்லாத அரசு எங்கே போய் நிற்கும் என்பதற்கு நெதர்லாந்து உதாரணம். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு, வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டன. சின்னச் சின்னப் படிவப் பிழைகளே பலருக்குக் குற்றமாகிவிட்டன. தங்கள் கோப்பைக் கேட்ட பெற்றோருக்கு, பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசி அனுப்பினார்கள். வீடு போனது, வேலை போனது, குடும்பங்கள் பிரிந்தன. உண்மை வெளிவந்தபோது, 2021 ஜனவரி 15 அன்று அந்த நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. பணக்கார நாடு, ஒழுங்கான நிர்வாகம், கணினிகள் எல்லாம் இருந்தும், முறையிட்டவர்களின் குரலைக் கேட்க ஆள் இல்லாமல் போனதால் நேர்ந்த கதி அது.

நம் நாட்டிலேயே நல்ல உதாரணமும் இருக்கிறது. பிகாரில் 2015-இல் பொதுமக்கள் குறைதீர்ப்பு உரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். குறை சொன்னவரையும் சம்பந்தப்பட்ட அலுவலரையும் நேருக்கு நேர் அழைத்து, இதற்கென்றே நியமிக்கப்பட்ட அதிகாரி விசாரிக்கிறார். 60 வேலை நாளுக்குள் உத்தரவு தர வேண்டும். நமக்கும் இது அந்நியமான பழக்கம் இல்லை. ஜமாபந்தியில் கிராமக் கணக்கைத் தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, ஊர்க்காரர்கள் மனுவோடு வந்து நிற்க, அதிகாரி முன்னால் தீர்த்து வைக்கும் வழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. பட்டாவுக்கு அப்படி ஒரு நாள் இருக்கும்போது, பெண்ணின் உரிமைத் தொகைக்கு ஒரு நாள் ஏன் இருக்கக்கூடாது?

அரசிடம் நாம் கேட்பது இதுதான். மறுப்பு எதுவானாலும் தமிழில், காகிதத்தில், எந்த ஆவணத்தை வைத்து மறுக்கப்பட்டது என்ற விவரத்தோடு, ரேஷன் கடை வழியாக அவள் கைக்கு வர வேண்டும். விண்ணப்பத்தையும் டோக்கனையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த ஊழியர்களுக்கு, மறுப்புக் கடிதத்தைக் கொண்டுபோகத் தெரியாதா? அந்தக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் 30 நாள் கெடு தொடங்க வேண்டும். நோய், பிரசவம், வெளியூர் வேலை என்று காரணம் இருந்தால் கெடு தாண்டினாலும் ஏற்க வேண்டும். முடிவெடுத்த துறைக்கு வெளியே உள்ள ஒருவர், தாலுகாவுக்கு ஒருவராக, வாரம் ஒரு நாள் அவளை நேரில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். மேல்முறையீட்டில் வென்றால் முதல் மாதத்திலிருந்து நிலுவை சேர்த்துத் தர வேண்டும். தவறு அரசுடையது, தாமதத்தின் விலையை அவள் ஏன் கொடுக்க வேண்டும்?

செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். தகுதியில்லாதவர் உள்ளே வந்துவிடுவார் என்றும் சொல்வார்கள். காரணத்தை எழுதிக் கொடுப்பதால் தகுதியில்லாத ஒருவர்கூட உள்ளே வர முடியாது. உண்மையில் கார் வைத்திருப்பவர் அந்தக் கடிதத்தைப் பார்த்தபின் மேல்முறையீடே செய்யமாட்டார். கோட்டாட்சியரின் மேசையில் மனுக்கள்தான் குறையும்.

இதை உரிமைத் தொகை என்று அழைத்தது அரசு. உதவி என்று சொல்லியிருந்தால் கொடுப்பவரின் மனம்தான் கணக்கு. உரிமை என்று சொன்னபின், மறுக்கிறவர் பதில் சொல்லியாக வேண்டும். முதியோர் ஓய்வூதியம், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை, குடும்ப அட்டையில் பெயர் நீக்கம் எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான்.

அரசு திருந்தும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ மறுக்கப்பட்ட பெண் யாராவது இருந்தால், ஒரு வெள்ளைத்தாளில் அவருடைய விண்ணப்ப விவரத்தை எழுதி, எந்த ஆவணத்தின் அடிப்படையில் தன் விண்ணப்பம் மறுக்கப்பட்டது, அதன் நகல் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப உதவுங்கள். 30 நாளில் பதில் தர அவர் சட்டப்படி கடமைப்பட்டவர்.