கூலியில பேரம் பேசுற கார் ரசிகர்களுக்கு

பழைய அம்பாசிடர் மேல ஆசை வச்சிருக்கிற நகரத்துச் சொந்தங்களே, ஒண்ணு கேக்கிறேன். 2014-லயே அந்த வண்டித் தயாரிப்பு நின்னு போச்சு. இப்ப பின்பக்க டிஃபரன்ஷியல் ஊளையிட்டா யாரைக் கூப்பிடுவீங்க?

"முழு செட்டையும் மாத்திடுங்க"ன்னு சொல்றவன் மெக்கானிக் இல்ல, வியாபாரி. வேலை தெரிஞ்சவர் முதல்ல காது குடுத்துக் கேப்பார். ஆக்சிலேட்டர் மிதிக்கிறப்ப சத்தமா, விடுறப்பவா, வளைவுல மட்டுமா? அடுத்து கியர் ஆயில் அளவு பார்ப்பார். கழட்டினா, கிரவுன் பல்லுல சாயம் தடவிச் சுத்தி, பினியன் எங்க படியுதுன்னு பார்த்து, ஷிம் மாத்தி இடைவெளியைச் சரிபண்ணுவார். பல் தேயாம இருந்தா பார்ட்ஸ் செலவு கொஞ்சம்தான். மீதியெல்லாம் கைவேலை.

அந்தக் கைக்குத்தான் பேரம் பேசுறீங்க! பார்ட்ஸ் பில்லை வாய் திறக்காமக் கட்டுறீங்க, கூலின்னா பாதியாக் குறைக்கிறீங்க. எங்க கிணத்து மோட்டாருக்குக் காயில் கட்டினவரும் இந்தப் பேரத்தாலதான் கடையை மூடினார்.

பாலிஷ் போட்டு போட்டோ எடுத்தா பாரம்பரியம் நிலைக்காது. முழுக் கூலி குடுங்க. அவர் பையனும் ஸ்பேனர் பிடிப்பான்.