மருந்துச் சீட்டும் மேல்தளமும்

பெரியம்மா வீட்டில் கட்டிலுக்கு நிலையான இடம் கிடையாது. ஐப்பசி பிறந்ததும் வடக்குச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் போடுவார். கார்த்திகையில் அது கதவோரம் வரும். மார்கழியில் திண்ணைக்கே வந்துவிடும். திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1991இல் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு அது. ஓர் அறை, சமைக்க ஒரு தடுப்பு, முன்னால் ஒரு சின்னத் திண்ணை. இன்று உள்ளே படுத்து அண்ணாந்து பார்த்தால் தளத்தின் கம்பிகள் விலா எலும்பு போலத் தெரிகின்றன.

ஊர்க் கொத்தனார் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கம்பால் தட்டிப் பார்த்தார். கலகலவென்று காரை உதிர்ந்தது. "கவர் பிளாக் வைக்காம சென்ட்ரிங் பலகை மேலேயே கம்பியப் பரப்பிட்டாங்க தம்பி. கம்பிக்குக் கீழ அரை இஞ்சு கலவைகூட இல்ல. மேல தட்டோடும் பதிக்கல. தண்ணி எறங்காம என்ன செய்யும்?" என்றார். இறங்கிய தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது உப்ப உப்ப, கீழே இருக்கும் காரை பெயர்ந்து விழுகிறது. பிறகு ஈரம் இன்னும் எளிதாக ஏறுகிறது.

தலையில் காரை விழுமே என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். பெரியம்மாவின் பயம் வேறு. "மேல விழுந்தா ஒரே நாள்ல போயிச் சேர்ந்துருவேன். இந்த இருமல்தான்டா ராத்திரி பூரா கொல்லுது." வடக்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் இளம் டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, மருந்து எழுதுவதற்கு முன் கேட்டார்: "பாட்டி, வீடு ஒழுகுதா?" அந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். வீட்டுக்குள் தங்கும் ஈரமும் பூசணமும் இளைப்பையும் மூச்சுக் கோளாறுகளையும் கூட்டுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009லேயே தனி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சீட்டில் இழுப்பு மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, "ஈரமில்லாத இடத்துல படுக்க வைங்க" என்று வாயால் சொன்னார். அந்த இரண்டாவது மருந்துக்கு எங்கே போவது?

இதற்கு உதவி எங்கே கிடைக்கும் என்று தேடி ஒன்றரை வருடம் அலைந்திருக்கிறேன். ஆகவே இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு: உதவி இருக்கிறது. 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய 2.5 லட்சம் ஊரக வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுது பார்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. குடிசையில் இருப்பவர்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி வீடு. கழிப்பறை இல்லாத கிராமத்து வீட்டுக்கு, தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய். கண்ணெரிய ஊதி ஊதிச் சமைத்தவர்களுக்கு, 2016 முதல் உஜ்வாலா கேஸ் இணைப்பு. இவை ஒவ்வொன்றும் நுரையீரலையும் குடலையும் காப்பாற்றும் திட்டங்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எங்களுக்கு முதல் தடை பட்டா. வீட்டுமனைப் பட்டா இறந்துபோன பெரியப்பாவின் பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றம் என்று ஐந்து மாதம் ஓடியது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் நான்கு முறை லீவு போட்டு, சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். உங்கள் வீட்டில் இறந்துபோன பெரியவர்கள் பெயரில் மனை இருந்தால், தளம் ஒழுகத் தொடங்கும்வரை காத்திருக்காமல் இந்த வேலையை இப்போதே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது தடையை நான் எதிர்பார்க்கவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் மனு கொடுத்தோம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து, ரசீது எண்ணை வாங்கி வைத்தோம். அளவெடுக்க வந்தவர் நல்ல மனிதர். தளத்தைப் பார்த்துவிட்டு, "இது பழுது பார்க்கிற நிலையைத் தாண்டிடுச்சு" என்றார். சரி, புதுவீடு? "அது குடிசைக்குத்தான். உங்களுது கான்கிரீட் வீடு." பழுது பார்க்க முடியாத அளவுக்குக் கெட்டுப்போன, ஆனால் குடிசை என்று கணக்கில் வராத ஒரு வீடு. அன்று பஸ் ஏறும்வரை அண்ணனும் நானும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வாரம் அண்ணன் மனம் வெறுத்து, தளத்துக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டுவிடலாம் என்றார். விலை குறைவு, ஒரே நாள் வேலை. நான் விடவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் எந்த வகையாக இருந்தாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன, நாம் இன்னும் இறக்குமதி செய்கிறோம். ஏற்கெனவே போட்டிருப்பவர்கள் பதறிப்போய் உடைக்க வேண்டாம். அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூசிதான் ஆபத்து. நாங்கள் கனமான தார்ப்பாய் வாங்கிக் கட்டினோம். அந்த மழைக்காலம் எப்படியோ கழிந்தது.

தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில்தான் எங்களுக்கான அறிவிப்பு வந்தது. பழுது பார்க்க முடியாத பழைய அரசு வீடுகளுக்குப் பதிலாக 25,000 புதிய வீடுகள், 600 கோடி ரூபாய். வீட்டுக்கு 2.40 லட்சம். இடையில் விழுந்து கிடந்தவர்களை யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று உண்மையிலேயே கண் கலங்கினேன். திரும்பவும் மனு, திரும்பவும் அளவு. இப்போது பட்டியலில் பெரியம்மா பெயர் இருக்கிறது.

ஆனால் இந்த ஒன்றரை வருடத்தில் எந்த விண்ணப்பத்திலும் டாக்டரம்மாவின் சீட்டை வைக்க ஓர் இடம் இல்லை. சுவர் என்ன வகை, கூரை என்ன வகை, எந்த வருடம் கட்டியது, எல்லாம் கேட்டார்கள். உள்ளே இருப்பவருக்கு மூச்சு விட முடிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இளைப்பு உள்ளவரின் மனு முதலில் எடுக்கப்பட்டிருக்கும். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் காற்றோட்டமில்லாத அறையில் குடும்பத்தோடு படுத்திருந்தால், அந்த வீட்டுக்கு ஒரு ஜன்னல் முதலில் கிடைத்திருக்கும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்த மாத்திரையோடு ஒரு பெண் வீட்டு வாசலுக்கே வருகிறார். எங்கள் ஊருக்கு வருகிறவர் பெரியம்மாவின் கட்டில் எந்த மாதத்தில் எங்கே கிடக்கும் என்று அறிந்தவர். அவர் கையில் இருக்கும் பதிவேட்டில் இன்னும் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்: தளம் ஒழுகுகிறதா, சுவரில் பூசணம் உண்டா, புகை வெளியே போக வழி இருக்கிறதா. அந்தத் தாள் அப்படியே ஒன்றிய அலுவலகத்துக்குப் போக வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. அதிகாரத்தில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், கெஞ்சிக் கேட்கிறேன்.

பணம் ஒரே தவணையாக வராது. அஸ்திவாரம் எழும்பினால் ஒரு பகுதி, தளம் போட்டால் ஒரு பகுதி என்று கட்டக் கட்டத்தான் வரும். முதல் செங்கலுக்கும் சிமெண்டுக்கும் கையில் இருக்க வேண்டும். அதற்கு அண்ணி மகளிர் குழுவில் கடன் கேட்டிருக்கிறார்.

போன வாரம் பெரியம்மா போனில் கேட்டார்: "இடிச்சுட்டா, கட்டி முடிக்கிற வரைக்கும் நான் எங்கடா படுக்கிறது?" அதற்கு எந்தத் திட்டத்திலும் வாடகை கிடையாது. எதிர்வீட்டுத் திண்ணையைக் கேட்டு வைத்திருக்கிறோம். அங்கேயும் வடக்குப் பக்கம் ஒழுகுகிறதாம். ஐப்பசிக்குள் தளம் போட்டாக வேண்டும்.