துருக்கியருக்குக் கடல் தெரியாதா?

துருக்கியர்கள் மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து குதிரையில் வந்தவர்கள், அவர்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்குச் சாட்சியாக அவர்களுடைய அகராதியைக் காட்டுவார்கள். கப்பல் தலைவன் 'கப்தான்', சுக்கான் 'துமென்'. இரண்டும் இத்தாலியிலிருந்து வந்தவை. துறைமுகம் 'லிமான்', வடகிழக்குக் காற்று 'போய்ராஸ்', தென்மேற்குக் காற்று 'லொதோஸ்'. மூன்றும் கிரேக்கம். கஹானே தம்பதியரும் ஆந்திரெயாஸ் டீட்சேயும் சேர்ந்து 1958ல் ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார்கள். இத்தாலியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் துருக்கிக்குப் போன கப்பல் சொற்கள் மட்டும் அதில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆகவே இவர்கள் கடலை அடுத்தவனிடம் கடன் வாங்கியவர்கள் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

சொற்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் சரி. தீர்ப்புதான் தவறு என்பது என் கருத்து. ஏன் என்று பார்க்க அதே பரீட்சையை ஆங்கிலத்துக்கு வைத்துப் பாருங்கள்.

கப்பலின் மேல்தளத்துக்கு ஆங்கிலத்தில் 'டெக்'. அது டச்சுச் சொல். 'ஸ்கிப்பர்', 'யாட்', 'குரூஸ்' இவையும் டச்சு. 'கேப்டன்', 'நேவி' இரண்டும் பிரெஞ்சு வழியாக வந்தவை. 'ஃபிரிகேட்' என்ற போர்க்கப்பல் இத்தாலிய மூலம் கொண்டது. நங்கூரத்துக்கு அவர்கள் சொல்லும் 'ஆங்கர்' கிரேக்கத்தில் பிறந்து லத்தீன் வழியாகப் போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், நங்கூரத்துக்குத் துருக்கியர் சொந்தச் சொல்லையே வைத்திருக்கிறார்கள். 'தெமிர்' என்றால் இரும்பு. நாம் நங்கூரம் பாய்ச்சுகிறோம், அவர்கள் 'இரும்பை எறிகிறார்கள்', அவ்வளவுதான். கடல் (தெனிஸ்), கப்பல் (கெமி), பாய் (யெல்கென்), துடுப்பு (குரெக்) எல்லாமே துருக்கிய மொழியின் சொந்தச் சரக்குதான். 'கயிக்' என்ற அவர்களுடைய படகு இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஆங்கில அகராதிக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் இங்கிலாந்துக்காரனுக்குக் கடல் தெரியாது என்று எவரும் சொல்வதில்லை. ஒருவன் கடன் வாங்கினால் அறியாமை, இன்னொருவன் கடன் வாங்கினால் பரந்த மனப்பான்மை. இது என்ன நியாயம்?

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கடற்படைத் தலைவரின் பட்டம். ஆங்கிலேயர் தங்கள் தளபதியை 'அட்மிரல்' என்றார்கள். அதன் வேர் அரபியில் தலைவனைக் குறிக்கும் 'அமீர்'. அதே காலத்தில் இஸ்தான்புல்லில் உட்கார்ந்திருந்த உஸ்மானியக் கடற்படைத் தலைவருக்கு 'கபுதான் பாஷா' என்று பெயர். 'கபுதான்' இத்தாலியச் சொல்! முஸ்லிம் சாம்ராஜ்யத்தின் கடற்படைக்கு இத்தாலியப் பெயர் தாங்கிய தலைவர், கிறிஸ்தவ நாட்டின் கடற்படைக்கு அரபுப் பெயர் தாங்கிய தலைவர். பின்னர் 1934ல் துருக்கிக் குடியரசு பாஷா போன்ற பட்டங்களைச் சட்டம் போட்டு நீக்கியது. கடற்படையின் உயர் பதவிகளுக்கு 'அமிரால்' என்ற பெயர் வந்தது. பக்கத்து வீட்டு அரபுச் சொல் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்தது.

இது எப்படி நடந்தது? சொற்கள் தனியாகப் பயணம் செய்வதில்லை, ஆட்களோடுதான் போகின்றன. 1538ல் பிரெவேசாவில் ஐரோப்பியக் கூட்டுக் கடற்படையைத் தோற்கடித்த பார்பரோசா ஹைருத்தீன் பிறந்தது லெஸ்போஸ் என்ற கிரேக்கத் தீவில். 1571 லெபான்டோ தோல்விக்குப் பிறகு கபுதான் பாஷாவாகி, உஸ்மானியக் கடற்படையைத் திரும்பக் கட்டியெழுப்பிய கிலிச் அலி பாஷா, இத்தாலியின் கலாப்ரியாவில் பிறந்த மனிதர். இளமையில் கடற்கொள்ளையரிடம் சிறைப்பட்டு, துடுப்பு வலித்து, மதம் மாறி, மேலே வந்தவர். இப்படிப்பட்டவர்கள் இருந்த கப்பலில் இத்தாலியச் சொல் கேட்காமல் வேறு என்ன கேட்கும்? எதிரிகள் ஒருவரையொருவர் பீரங்கியால் சுட்டுக்கொண்டே ஒரே சொற்களால் கட்டளை கொடுத்திருக்கிறார்கள்.

சில சொற்கள் போகிற வழியில் முகத்தையே மாற்றிக்கொள்கின்றன. இத்தாலியில் 'ஃபொர்த்தூனா' என்றால் அதிர்ஷ்டம். மாலுமிகள் பேச்சில் அதற்குப் புயல் என்றும் ஒரு பொருள் இருந்தது. துருக்கியர் புயலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இன்றும் புயலுக்கு அங்கே 'ஃபிர்த்தினா' என்றுதான் பெயர். ஆங்கிலேயரிடம் போன 'ஃபார்ச்சூன்' அதிர்ஷ்டமாகவும் சொத்தாகவும் ஆனது. அரபியில் 'தாருஸ் ஸினாஆ' என்றால் செய்பொருள் கூடம், அதாவது பட்டறை. அது துருக்கியில் 'தெர்சானே' என்று கப்பல் கட்டும் தளமாகவும், வெனிஸ் வழியாக ஆங்கிலத்தில் 'ஆர்சனல்' என்று ஆயுதக் கிடங்காகவும் ஆனது. 1886ல் லண்டன் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கால்பந்து அணிக்கும் அந்தப் பெயர் போயிற்று. ஆர்சனல் ரசிகர்கள் அரபுச் சொல்லுக்காகத்தான் தொண்டை கிழியக் கத்துகிறார்கள் என்று அவர்களிடம் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும் :-)

சொல் வேறாக இருந்தாலும் யோசனை ஒன்றாக இருப்பதும் உண்டு. கப்பலின் இடப்பக்கத்துக்குத் துருக்கியில் 'இஸ்கெலே', அதாவது படகுத்துறை. ஆங்கிலத்தில் 'போர்ட்'. முன்பு 'லார்போர்ட்' என்றுதான் சொன்னார்கள். வலப்பக்கத்தைக் குறிக்கும் 'ஸ்டார்போர்ட்' போலவே அது காதில் விழுந்து குழப்பியதால் பிரிட்டிஷ் கடற்படை 1844ல் அதைக் கைவிட்டது. பழைய கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால் கரையை ஒட்டி நின்றது இடப்பக்கம். எந்தப் பக்கம் கரையைத் தொடுகிறதோ அந்தப் பக்கத்துக்குக் கரையின் பெயர். இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நாமும் இந்தப் பெருமைக் கணக்கில் சளைத்தவர்கள் இல்லை. ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' நம் கட்டுமரம்தான் என்று சொல்லாத ஆளில்லை. உண்மைதான், துருக்கியிலும் அது 'கதமரான்' ஆகப் புழங்குகிறது. ஆனால் 'மாலுமி' அரபியின் 'முஅல்லிம்' என்பதை அதே மூச்சில் சொல்கிறோமா? மாலுமி அரபுச் சொல், ஆகவே தமிழனுக்குக் கடல் தெரியாது என்று ஒருவர் எழுதினால் சும்மா இருப்போமா? நமக்குப் பொருந்தாத வாதம் துருக்கியருக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

1932ல் துருக்கியில் மொழிக் கழகம் அமைத்து மொழியைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். முக்கியமாக அரபு, பாரசீகச் சொற்கள்தான் குறி. 'மெக்தெப்' என்ற பள்ளிக்கூடம் 'ஒகுல்' ஆயிற்று. 'தய்யாரே' என்ற விமானம் 'உச்சாக்' ஆயிற்று. படகுக்காரர்களின் பேச்சு பெரும்பாலும் தப்பிவிட்டது. லொதோஸ் பலமாக அடித்தால் இன்றும் இஸ்தான்புல்லில் படகுப் போக்குவரத்து நின்றுபோகிறது. அந்தப் படகுகளுக்கு 'வபூர்' என்று பெயர், பிரெஞ்சில் நீராவி. நீராவி போய் டீசல் வந்தும் பெயர் போகவில்லை. ஆங்கிலத்தில் பின்னால் திருப்பு என்பதற்கான 'டர்ன் ஆஸ்டர்ன்' என்ற கட்டளை 'தோர்னிஸ்தான்' ஆகி, ஏதோ ஒரு நாட்டின் பெயர் போல ஒலிக்கிறது. செப்டம்பர் 1ஆம் தேதி மீன்பிடித் தடை முடிந்து படகுகள் கிளம்பும்போது துருக்கி மீனவர்கள் 'விரா பிஸ்மில்லா' என்கிறார்கள். 'விரா' நங்கூரத்தைத் தூக்கச் சொல்லும் இத்தாலியக் கட்டளை, 'பிஸ்மில்லா' அரபு.